ஆயில் சம்ப் பேக்கிங் மாற்றும்போது எந்த சீலண்ட், எங்கே, எவ்வளவு

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்று, புதுப் பேக்கிங்கை வை, இரண்டு பக்கமும் சீலண்ட்டைத் தாராளமாகப் பூசு, இறுக்கமாக முறுக்கு. பல பட்டறைகளில் ஆயில் சம்ப் வேலை இப்படித்தான் நடக்கிறது. சேம்பர் என்று சொல்லும் ஊர்களிலும் இதே முறைதான். மூன்று மாதத்தில் வண்டி நின்ற இடத்தில் மறுபடி எண்ணெய்ச் சொட்டு. அப்போது பழி சீலண்ட்டின் மேலோ பேக்கிங்கின் மேலோ விழும். உண்மையில் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கப்பட்டிருக்கும். சீலண்ட் தேர்வு என்பது எந்த டியூப் நல்லது என்ற கேள்வியில் தொடங்குவதில்லை. சம்ப்பும் எஞ்சின் பிளாக்கும் சேரும் இடம், அதாவது மூட்டு, எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

அதற்கும் முன்னால், ஒழுகுவது சம்ப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெய் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பெட் கவர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் உட்காரும் இடம், டைமிங் கவர் இவற்றில் எதில் கசிந்தாலும் சொட்டு வந்து தொங்குவது சம்ப்பின் விளிம்பில்தான். எஞ்சினின் அடிப்பக்கத்தை டிகிரீஸர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சம்ப் விளிம்பைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் இறங்கிய கோடு தெரியும். கோடு விளிம்புக்கு மேலிருந்து வந்தால் சம்ப்பைத் தொடவே வேண்டாம். கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் முதல் சந்தேகம் கிராங்கின் பின் சீல்மேல் இருக்கட்டும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும்.

மூட்டைப் பார்த்து சீலண்ட்டை எடுங்கள்

முதல் வகை, பேக்கிங்கே இல்லாத மூட்டு. இன்றைக்குச் சாலையில் ஓடும் சுசுகி, டொயோட்டா, ஹோண்டா எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் தகடு சம்ப்புக்குப் பேக்கிங்கே கிடையாது. சீலண்ட்தான் பேக்கிங். டொயோட்டா சர்வீஸ் மேனுவல்கள் இதற்கு ‘சீல் பேக்கிங் பிளாக்’ என்று எழுதி, பக்கத்திலேயே த்ரீபாண்ட் 1207பி அல்லது அதற்கு இணையானது என்று குறிப்பிடும். சுசுகி ‘சுசுகி பாண்ட்’ என்றும், ஹோண்டா ‘ஹோண்டா பாண்ட்’ என்றும் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. இவற்றில் சம்ப்புக்குப் போடுபவை பெரும்பாலும் அறை வெப்பத்தில் இறுகும் சிலிகான் வகை, சுருக்கமாக ஆர்டிவி. இந்த மாதிரி எஞ்சினுக்கு வெளியில் வெட்டிய கார்க் பேக்கிங் ஒன்று கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கி வைக்காதீர்கள். அந்த மூட்டின் கணக்கில் அப்படி ஒரு தடிமனுக்கு இடமே இல்லை.

இரண்டாவது வகை, அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங். சில எஞ்சின்களில் அலுமினியம் அல்லது எஃகுத் தகட்டின்மேல் ரப்பர் வரிகள் ஒட்டியிருக்கும். இதை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். ரப்பர் சீல் செய்வது உராய்வாலும் அமுக்கத்தாலும். நடுவில் ஈரமான சிலிகான் இருந்தால், போல்ட் இறுகும்போது ரப்பர் சோப்பு தடவியது போல வழுக்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவே உள்ளேயோ வெளியேயோ பிதுங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் பேக்கிங் கிழிந்து வளைந்து கிடக்கும். மேலே பூசிய சிலிகான் மட்டும் அழகாகக் காய்ந்திருக்கும்.

ஆனால் இந்த வகையிலும் சீலண்ட் தேவைப்படும் இடங்கள் உண்டு. டைமிங் கவரும் பிளாக்கும் சந்திக்கும் கோடு, பின் சீல் பிடிக்கும் தகடும் பிளாக்கும் சந்திக்கும் கோடு, கடைசி மெயின் பேரிங் கேப்பின் (கிராங்கைப் பிடிக்கும் பேரிங்கின் மூடி) இரண்டு ஓரம் ஆகியவைதான் அவை. மூன்று பாகங்கள் ஒரே புள்ளியில் கூடும் இந்த இடங்களில் கூந்தல் இழை அளவுக்கு ஒரு படி இருக்கும். ரப்பர் அந்தப் படியின் மூலையை நிரப்பாது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வி8 எஞ்சினுக்கான சர்வீஸ் குறிப்பு இதைத் துல்லியமாகச் சொல்கிறது: முன் கவரும் பின் கவரும் பிளாக்கோடு சேரும் இடத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனில், 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் சீலண்ட். மீதி முழுச் சுற்றும் உலர். முன்னும் பின்னும் நான்கு மூலைகள்; அவ்வளவுதான். எந்த எஞ்சினாக இருந்தாலும் ரப்பர் பேக்கிங் வேலைக்கு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் தப்பாது.

மூன்றாவது, கார்க்கும் காகிதமும். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் நல்ல உதாரணம். சம்ப்பின் இரு பக்கமும் நீளமான பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் கேப்பின் வளைவில் கார்க் துண்டுகள். இங்கே சீலண்ட்டின் வேலை அடைப்பதல்ல, பிடித்து வைப்பது. சம்ப் பக்கம் மட்டும், கெட்டியாக இறுகாத ஹைலோமார் போன்ற ஒன்றைக் கண்ணாடி போல மெல்லிசாகத் தடவி, பேக்கிங்கை ஒட்டி, பத்து நிமிடம் விட்டு மேலே ஏற்றுங்கள். பிளாக் பக்கம் வெறும் கார்க். வளைவுத் துண்டின் நுனி பக்கப் பேக்கிங்கோடு சேரும் நான்கு இடங்களில் மட்டும் ஆர்டிவி ஒரு பொட்டு. ஷெல்லாக் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது காய்ந்ததும் நொறுங்கும் தன்மை கொண்டது. வளைந்து கொடுக்கும் தகடு சம்ப்புக்கு அது ஆகாது. கடையில் நாள்பட்டுக் கிடந்த கார்க் சுருங்கி ஓட்டைகள் பொருந்தாமல் போனால், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் பழைய அளவுக்கு நீளும். ஓட்டையை இழுத்துப் பெரிதாக்காதீர்கள்.

நான்காவது, இரண்டு பக்கமும் கடைந்தெடுத்த அலுமினிய வார்ப்புச் சம்ப். இதில் சில எஞ்சின்கள் ஆர்டிவி கேட்கும், சில காற்றில்லாமல் இறுகும் சீலண்ட் கேட்கும். லாக்டைட் 518 இந்த இரண்டாவது வகை. இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே காற்று விலகியதும் உலோகத்தின் துணையோடு இறுகிவிடும். உள்ளே பிதுங்கிய மிச்சம் இறுகாமல் திரவமாகவே இருந்து எண்ணெயில் கலந்துபோகும், எதையும் அடைக்காது. அது பெரிய நன்மை. ஆனால் அது நிரப்புவது சுமார் 0.25 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத்தான். தகடு சம்ப்பில் போட்டால் போல்ட்டுக்குப் போல்ட் நடுவே தகடு விலகி நிற்கும் இடத்தில் இறுகவே இறுகாது.

நிறமும் வெப்ப எண்ணும் காட்டும் பொய் வழி

கடையில் சிவப்பு டியூப்பைக் காட்டி, ‘இது 300 டிகிரி தாங்கும்’ என்பார்கள். சம்ப்பில் எண்ணெயின் வெப்பம் வழக்கமாக 90 முதல் 120 டிகிரி செல்சியஸ். எந்த நல்ல ஆர்டிவியும் 200 டிகிரிக்கு மேல் தாங்கும். இங்கே வெப்பம் சவாலே இல்லை. வருடக்கணக்கில் சூடான எஞ்சின் எண்ணெயில் நனைந்தபடி ஊதாமல், மென்மையாகாமல் இருப்பதுதான் சவால். அதனால் டியூப்பின்மேல் எண்ணெய் எதிர்ப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெர்மாடெக்ஸ் போன்ற நிறுவனங்களில் அல்ட்ரா பிளாக் எண்ணெய் எதிர்ப்புக்கும் வளைந்து கொடுக்கும் தன்மைக்கும், அல்ட்ரா கிரே விறைப்பான, அதிக டார்க் (முறுக்கு விசை) கொடுக்கும் மூட்டுகளுக்கும் என்று பிரிந்திருக்கின்றன. தகடு சம்ப்புக்குக் கருப்பு, வார்ப்புச் சம்ப்புக்குச் சாம்பல் என்பது பெரும்பாலும் சரிவரும். ஆனால் நிறத்துக்கு என்று பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் சாம்பல் இன்னொரு கம்பெனியின் சாம்பல் அல்ல.

பல உதிரிபாகக் கடைகளில் ‘அனபாண்ட்’ என்றாலே சீலண்ட் என்று புரிந்துகொண்டு எடுத்துத் தருவார்கள். சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் 666 ஆர்டிவி சிலிகான் வகை. ஆனால் அதே பெயரில் போல்ட்டின் மரையைப் பூட்டும் திரவம் முதல் பல சரக்குகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கவே கூடாதது, குளியலறைக்கும் கண்ணாடிக்கும் விற்கும் சிலிகான். பிழிந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. அந்த அமிலம் விளிம்பின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயையும் அது தாங்காது. இன்னொன்றும் உண்டு. மலிவான சிலிகானிலிருந்து எழும் ஆவி பிசிவி குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய் எரிந்து, ஆக்சிஜன் சென்சாரின்மேல் மணல் போன்ற பூச்சாகப் படிந்து அதைக் கெடுக்கும். ‘சென்சார் சேஃப்’ என்று அட்டையில் இருப்பதன் அர்த்தம் இதுதான். எம்-சீலை விளிம்பில் வெளிப்பக்கமாக அப்புவதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். எண்ணெய் கசியும் பரப்பில் எதுவும் பிடிக்காது.

டியூப்பின் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆர்டிவி காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும் பொருள். பாதி உபயோகித்து மூடி வைத்த டியூப்பின் உள்ளே அது மெதுவாக இறுகிக்கொண்டேயிருக்கும். முதல் இரண்டு சென்டிமீட்டரைக் காகிதத்தில் பிழியுங்கள். கட்டி கட்டியாக வந்தால் அந்த டியூப் சம்ப்புக்கு வேண்டாம்.

சுத்தம்தான் பாதி வேலை

எண்ணெயை வடித்த பிறகு, முடிந்தால் ஓரிரவு அப்படியே விடுங்கள். அவசரத்தில் செய்தால், விளிம்பைத் துடைத்து முடிக்கும் நேரத்தில் பிளாக்கின் உள்சுவரிலிருந்து ஒரு சொட்டு இறங்கி விளிம்பை நனைத்துவிடும். சீலண்ட் அந்த ஒரு சொட்டின்மேல் ஒட்டாது. வண்டியின் கீழே படுப்பதற்கு முன் ஜாக்கை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள்.

சீலண்ட்டால் ஒட்டிய சம்ப் எல்லாப் போல்ட்டையும் எடுத்த பிறகும் அசையாது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் தகடு வளையும், அலுமினியப் பிளாக்கில் பள்ளம் விழும். இதற்கென்றே மெல்லிய சீல் கட்டர் உண்டு. போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே தட்டி நுழைத்து, பக்கவாட்டில் சுத்தியால் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

பழைய சிலிகானை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் எடுங்கள். மெஷினில் மாட்டும் உரசும் வட்டு, உப்புத்தாள், எமரி எதுவும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் பேரிங்கைத் தின்றுவிடும். இந்த வட்டுகளை எஞ்சின் பரப்பில் பயன்படுத்த வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் மையங்களுக்கு எழுத்திலேயே எச்சரித்திருக்கிறது. கடைசித் துடைப்புக்கு பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பெட்ரோலில் துடைத்தால் மெல்லிய படலம் தங்கும். நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட்டை விட்டுவிட்டு பனியன் துணியை எடுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியால் விளிம்பை ஒரு முறை தேய்த்து, கறை வராவிட்டால் சரி.

போல்ட் ஓட்டைகளையும் மறக்கக் கூடாது. அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோ சீலண்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது திரவம் அமுங்காமல், டார்க் ரெஞ்ச் சீக்கிரமே சத்தம் போடும்; உண்மையில் மூட்டு இறுகியிருக்காது. மோசமான நேரத்தில் ஓட்டையைச் சுற்றி வார்ப்பே விரியும்.

தகடு சம்ப்பாக இருந்தால் அதைக் கவிழ்த்து, சமமான கண்ணாடியின்மேல் வைத்துப் பாருங்கள். முன்பு யாரோ அளவுக்கு மீறி முறுக்கிய இடங்களில் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, அடுத்த ஓட்டை வரைக்கும் நடுவே மேடு தட்டி நிற்கும். எந்த சீலண்ட்டும் இதைச் சரிசெய்யாது. விளிம்பின் அடியில் தட்டையான மரக்கட்டையைக் கொடுத்து, சிறிய சுத்தியால் குழியின் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி நேராக்குங்கள்.

எவ்வளவு பிழிவது

ஒரு நாலு சிலிண்டர் சம்ப்பின் சுற்றளவு 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சுற்று இழைக்குத் தேவைப்படும் சீலண்ட் வெறும் 10 மில்லி. அதையே 5 மில்லிமீட்டர் ஆக்கினால் 27 மில்லி. இப்போது மூட்டு இறுகி அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது என்றால், 3 மில்லிமீட்டர் இழை 14 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவும். அது கிட்டத்தட்ட விளிம்பின் அகலம். 5 மில்லிமீட்டர் இழையோ 39 மில்லிமீட்டர் பரவப் பார்க்கும். 15 மில்லிமீட்டர் விளிம்பில் மீதி எங்கே போகும்? ஒரு பங்கு வெளியே பிதுங்கும்; அதைத் துடைத்துவிடலாம். இன்னொரு பங்கு உள்ளே பிதுங்கி, புழுப் போல வரிசையாகத் தொங்கிக் காயும்.

பிறகு எண்ணெயின் சூட்டிலும் அலைச்சலிலும் அந்தப் புழுக்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழும். ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதி வலை அடைத்ததும், ஐடிலிங்கில் பிரஷர் விளக்கு மினுக்கும்; நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது பேரிங்குக்கு எண்ணெய் போதாது. ஒழுக்கை நிறுத்தச் செய்த வேலை கிராங்கையே கொன்றுவிடும். கூடுதல் சீலண்ட் கூடுதல் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், இந்த வலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் இறங்கியிருக்கும்போதே ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி, அதன் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஓ-ரிங்குக்கு எஞ்சின் எண்ணெய் ஒரு தடவல். சீலண்ட் அருகிலும் வரக் கூடாது.

எஞ்சினுக்கான மேனுவல் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கேட்டால் அதன்படியே போடுங்கள். அந்தச் சம்ப்பின் விளிம்பில் பெரும்பாலும் அதற்கான பள்ளம் இருக்கும். எதுவும் குறிப்பிடாவிட்டால் 3 மில்லிமீட்டர். டியூப்பின் மூக்கை அந்த அளவுக்குத்தான் வெட்ட வேண்டும். இழையை போல்ட் ஓட்டைகளுக்கு உட்பக்கமாக ஓட்டுங்கள். ஓட்டைகள் வந்த இடத்தில் உள்ளே வளைந்து போகட்டும். எங்கும் அறாமல், தொடங்கிய இடத்தில் முடிவு கொஞ்சம் மேலேறிச் சேரட்டும். அந்தச் சேர்க்கை மூலையில் வேண்டாம். நேரான பக்கத்தில் வையுங்கள்.

மேலே ஏற்றுவது

சம்ப் ஒரே மூச்சில் நேராக மேலே போக வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இழை கலைந்துவிடும். எம்6 போல்ட் இரண்டின் தலையை அறுத்து, எதிரெதிர் மூலைகளில் கையால் செருகிக்கொண்டால் சம்ப் அதைப் பிடித்து நேராக ஏறும். எல்லாப் போல்ட்டும் பிடித்த பிறகு அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஒரிஜினல் போல்ட்டைப் போடலாம்.

நேரம் முக்கியம். டொயோட்டாவின் பல எஞ்சின்களுக்கு, சீலண்ட் போட்ட 3 நிமிடத்துக்குள் சம்ப் ஏற வேண்டும், ஏற்றிய பின் குறைந்தது 2 மணி நேரம் எண்ணெய் ஊற்றக் கூடாது. ஹோண்டா தன் சீலண்ட்டுக்கு 5 நிமிடம் தருகிறது. 30 நிமிடம் கழித்து எண்ணெய், 3 மணி நேரம் கழித்து ஸ்டார்ட். கடலோர ஊர்களின் ஈரக் காற்றிலும் சித்திரை வெயிலிலும் மேல்தோல் இன்னும் சீக்கிரம் கட்டும். தோல் கட்டிய இழை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாது. அதனால் போல்ட்டுகளை வரிசையாக எடுத்து வைத்து, சம்ப்பை ஒரு முறை வெறுமனே ஏற்றிப் பார்த்த பிறகுதான் டியூப்பின் மூடியைத் திறக்க வேண்டும்.

கையிறுக்கமாக விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கால் சுற்று என்ற முறையும் சில டியூப்களின் அட்டையில் இருக்கும். கனமான ரப்பர் போன்ற அடுக்கு உருவாக வேண்டிய பழைய மூட்டுகளுக்கு அது பொருந்தும். சீலண்ட்டையே பேக்கிங்காகக் கொண்ட இன்றைய எஞ்சின்களில் அதைச் செய்யாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே முழு டார்க்குக்கு இறுக்கிவிடுங்கள்.

எம்6 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 20 முதல் 25; உங்கள் எஞ்சினின் மேனுவலில் இருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. நடுவிலிருந்து தொடங்கி மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் வெளியே போங்கள், இரண்டு சுற்றில். 10 நியூட்டன் மீட்டர் என்பது நினைப்பதைவிட மிகக் குறைவு. அரை இஞ்ச் ரேட்செட்டை எடுத்தால் கை தானாகவே அதைத் தாண்டிவிடும். கால் இஞ்ச் போதும். கார்க் பேக்கிங்கில் கார்க் லேசாக உப்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஒரு முறை சூடாகி ஆறிய பின் மறுபடி பாருங்கள். ஆர்டிவி மூட்டை மட்டும் காய்ந்த பிறகு மறு இறுக்கம் செய்யாதீர்கள். ஒட்டிய பிடிப்பு அறுந்துவிடும்.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். அதில் சீலண்ட்டோ டெஃப்லான் டேப்போ வேண்டாம்.

கடையில் வாங்கிய பொது ஆர்டிவி என்றால் 24 மணி நேரம் விடுங்கள். சிலிகான் ஓரத்திலிருந்து நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் உள்ளே இறுகிக்கொண்டு போகும். 15 மில்லிமீட்டர் விளிம்பின் நடுப்பகுதி முழுதாக இறுக மூன்று நாள் ஆகலாம். ஓரங்கள் இறுகிவிட்டதால் எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். ஆனால் அதற்குள் அடிப்பக்கத்தைப் பிரஷர் வாட்டரில் கழுவக் கூடாது.

ஓட்டத் தொடங்கிய மறுநாள் காலையில், பிறகு 500 கிலோமீட்டரில், அதே பவுடர் முறையில் பின் மூலைகள் இரண்டையும் பாருங்கள். ஒழுகுவதாக இருந்தால் முதலில் அங்கேதான் தெரியும். ஈரம் தெரிந்தால் வெளியிலிருந்து பூசிப் பார்க்காமல், மறுபடி இறக்கி, அந்த மூலையில் பழைய சிலிகானோ எண்ணெய்ப் படலமோ தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.